வண்டுக்கு மொட்டையடித்த கதை

கேள்வி கேட்பவனைக் கண்டால் இந்த உலகத்துக்கு ஏன் இத்தனை எரிச்சல் வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் போர்டைப் பார் என்கிறான். போர்டைப் பார்த்துவிட்டு, இதில் போட்டிருப்பது சரிதானா என்று கேட்டால் முறைக்கிறான். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் டாக்டர் பின்பு என்கிறார். எவ்வளவு நேரம் பின்பு என்று கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். பயப்படுகிறவன்தானே ஐயா கேள்வி கேட்பான்? நான் பிறவியிலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம். (பூட்டித்தான் இருக்கும். அது எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா?)

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு பெரிய மனிதர், இனி ஒரு கேள்வியும் கேட்காதே என்றார். கேட்கவில்லை. அதன் பலனாக, உலகத்துக்கே ஒன்றே ஒன்று என்று இருந்த ஒரு வண்டுக்கு என் கையால் மொட்டையடித்தேன். என் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் வயிறுதான் எரிகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரம் கரமனையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ரீடச் வேலை பார்த்தேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். ரீடச் என்றால் வேறொன்றுமில்லை. நெகட்டிவில் தெரிகிற பரு, தழும்பு, தூசி எல்லாவற்றையும் பென்சிலாலும் பிரஷ்ஷாலும் ஒரு குட்டிக் கத்தியாலும் இல்லாமல் ஆக்குவது. கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பளிங்காக்குவேன். மாறுகண்ணை நேராக்குவேன். இறந்துபோனவர்களுக்கு, உயிரோடு இருந்தபோது வாய்க்காத பல்வரிசையைக் கொடுப்பேன். உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று எந்த மனிதனும் என்னிடம் சொன்னதில்லை.

இதோடு பூஞ்சை வேறு. ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஸ்டூடியோவில் நெகட்டிவ், லென்ஸ், முதலாளியின் தோல் பெல்ட் எல்லாவற்றிலும் வெளுத்த ரோமம்போலப் பூஞ்சை படரும். கண்ட உடனே ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவில்லை என்றால் தின்றுவிடும். ஒருமுறை ஒரு கல்யாண நெகட்டிவில் மாப்பிள்ளையின் மூக்கைத் தின்றுவிட்டது. பெண் வீட்டார் முதலாளியிடம் கத்தினார்கள். முதலாளி என்னிடம் கத்தினார். நான் யாரிடம் கத்துவது? பூஞ்சையிடமா? அன்றிலிருந்து வெளுத்த ரோமம் எதைக் கண்டாலும் என் கை தானாக ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போகும்.

ஒருநாள் ஒரு கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் கடைக்கு வந்தார். மாமியார் காலமாகிவிட்டாராம். இருப்பது ஒரே ஒரு போட்டோ. அதிலும் யாரோ பிடித்த குடை பாதி முகத்தை மறைத்திருந்தது. குடையை எடுத்துவிட்டு மறைந்திருந்த பாதி முகத்தை நானாக வரைந்து, ஒரு வைர மூக்குத்தியும் போட்டுக் கொடுத்தேன். பேராசிரியரின் மனைவி படத்தைப் பார்த்து அழுதுவிட்டார். (வாயில் லேசாகப் புன்னகையும் வைத்திருந்தேன். அதை மட்டும் பேராசிரியர் சந்தேகத்தோடு பார்த்தார்.)

"நீ எந்தும் வரய்க்குமோ?" என்று கேட்டார். எதையும் வரைவாயா என்று அர்த்தம்.

"வரைவேன் சார்" என்றேன். எதை வரைய வேண்டும் என்று நான் கேட்பதற்குள் கார் ஏறிவிட்டார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வரைய வேண்டியது ஒரு வண்டை. அதுவும் பூவில் உட்காருகிற உருண்டை வண்டு இல்லை. மழைக் காலத்தில் ட்யூப்லைட்டுக்கு வந்து, கழுத்தில் நசுங்கி, சுட்டதுபோலக் கொப்புளம் வைக்குமே ஒரு மெல்லிய பூச்சி, அதன் தூரத்துச் சொந்தம். ரோவ் பீட்டில் என்று பெயர். எறும்புக்கும் தேளுக்கும் பிறந்ததுபோல நீளமாக, வாலைத் தூக்கிக்கொண்டு இருக்கும். நீளத்தில் ஓர் அரிசியில் பாதி. அதைப் பிடித்தவள் ஜெயலக்ஷ்மி, கரமனை அக்ரஹாரத்துப் பெண், அந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்கிறவள். வித்துராவைத் தாண்டிய காட்டில் வருஷக்கணக்காக இலைச்சருகைச் சலித்துச் சலித்து, இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். பிடித்துவிட்டால் மட்டும் போதாதாம். தலையிலிருந்து வால்வரை அதை எழுத்தில் வர்ணித்து, படம் போட்டு, அச்சில் வர வேண்டும். அதன்பிறகுதான் அப்படியொரு வண்டு உலகத்தில் இருப்பதாகவே கணக்கு. வர்ணனை தயார். படம்தான் பாக்கி.

"அண்ணா, இது அச்சில வந்துடுத்துன்னா நேக்கு டாக்டரேட்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "வரலைன்னா பாம்பேல ஒரு வரன்."

"பாம்பே நல்ல ஊருதானே?"

"வரனோட போட்டோவைப் பாத்தா இப்படிச் சொல்ல மாட்டேள். உங்களாலயே ரீடச் பண்ண முடியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது, வீட்டிலும் அத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள் என்பதையும் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. அவளுடைய எதிர்காலம் அரை அரிசி நீளத்தில் ஓர் ஊசி முனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்து மூச்சுவிட வேண்டும்.

அவர்கள் ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி. அதில் ஒரு கண்ணாடி பொருத்தியிருந்தார்கள்; வண்டைப் பார்க்கும்போதே பக்கத்திலிருக்கும் காகிதமும் தெரியும், அப்படியே கோட்டை ஓட்டலாம். முக்கோணமாக வெட்டிய அட்டைத் துண்டின் நுனியில் வண்டு. அட்டையைக் குத்திய ஊசி. ஊசியின் அடியில் கடுகெழுத்தில் ஒரு சீட்டு. குனிந்து பார்த்தேன். பார்த்த உடனே எனக்கு வியர்த்துவிட்டது. சிறகு பாதி முதுகோடு முடிந்துபோயிருந்தது! அளவு தப்பித் தைத்த ரவிக்கைபோல. அதற்குக் கீழே வயிறு முழுக்க வெறுமையாகத் தெரிந்தது.

"சார்! சார்! சிறகு ஒடிஞ்சிருக்கு! நான் ஒடிக்கல சார். நான் தொடவே இல்ல!"

பேராசிரியர் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து பார்த்தார். "எடோ, அது அங்ஙனெயாணு. இதின்டெ சிறகு அத்ரயே உள்ளூ" என்றார். அது அப்படித்தான், சிறகே அவ்வளவுதான். நல்ல விஷயம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? பாதிச் சட்டை போட்ட பூச்சியை ஒருவன் முதன்முறையாகப் பார்க்கிறான். 'பயப்படாதே, சட்டையே அவ்வளவுதான்' என்று ஒரு வார்த்தை.

கொஞ்ச நேரம் கழித்து, "சார், இந்த ஒத்த மீச மட்டும் வளஞ்சிருக்கு. நேராப் போடட்டா, வளச்சுப் போடட்டா?" என்று கேட்டேன். முறைத்தார். அப்புறம் ஃபேனை நிறுத்தலாமா என்று கேட்டேன். அப்புறம் நான் தும்மினால் வண்டு பறந்துவிடுமா என்று கேட்டேன். (சும்மா இல்லை. எனக்கு அப்போது ஜலதோஷம். முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரன்போல உட்கார்ந்திருந்தேன்.) அப்புறம் சீட்டு கோணலாக இருக்கிறதே, திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மிஸ்டர் செல்வதாஸ். காணுந்நது வரய்க்கு. சோத்யம் வேண்டா. இனி ஒரு சோத்யம் சோதிச்சால் ஞான் வேறே ஆளெ விளிக்கும்."

பார்ப்பதை வரை. கேள்வி வேண்டாம். இன்னொரு கேள்வி கேட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவேன். மலையாளம் தெரியாதவனுக்கும் அந்தக் குரலில் விளங்கியிருக்கும்.

வாயை மூடிக்கொண்டேன். தலை வரைந்தேன், கழுத்து வரைந்தேன், அந்த அரைச் சிறகை வரைந்தேன். புள்ளி புள்ளியாக மை வைத்து நிழல் போட வேண்டும். ஒரு புள்ளி பெரிதானால் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடியும். இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ததில் படம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் வெளியே அடைமழை. வயிற்றுப் பக்கம் வந்தேன். கடைசிக்குச் சற்று மேலே உள்ள வளையத்தில், இரண்டு ஓரத்திலும், சந்தன நிறத்தில் ரோமமாக என்னவோ படர்ந்திருந்தது.

பூஞ்சை!

நேற்று இது இருந்ததா? நேற்று நான் இந்தப் பக்கமே பார்க்கவில்லையே. ஒருவேளை என் மூச்சுக்காற்றின் ஈரத்தில் வந்திருக்குமோ? மூன்று நாளாக ஜலதோஷத்தோடு அதன்மேல் ஊதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்குள் வயிற்றைத் தின்றுவிடும். மாப்பிள்ளையின் மூக்கு மாதிரி. அந்தப் பெண் பாம்பேக்குப் போக வேண்டியதுதான்.

ஜெயலக்ஷ்மி அன்றைக்கு நூலகத்துக்குப் போயிருந்தாள். பேராசிரியரின் அறை வாசல்வரை போனேன். இதை நான் கர்த்தர்மேல் ஆணையாகச் சொல்வேன், போனேன். உள்ளே அவர் போனில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். இன்னொரு சோத்யம் என்றால் வேறே ஆள். கையை இறக்கிவிட்டேன்.

திரும்பி வந்தேன். ஆய்வகத்தில் ஸ்பிரிட்டுக்கா பஞ்சம்? என் மிக மெல்லிய பிரஷ்ஷை நனைத்து, அந்த ரோமத்தை ஈரமாக்கி, மெள்ள வருடினேன். கொஞ்சம் வந்தது. மிச்சம் பிடிவாதமாக நின்றது. ரீடச் கத்தியை எடுத்தேன். கோழிக்குப் பூடை பறிப்பதுபோல, ஆனால் ஆயிரம் மடங்கு பக்தியோடு, ஒவ்வொன்றாக வழித்து எடுத்தேன். முடிந்தபோது வண்டின் இடுப்பு புது ஷூபோலப் பளபளத்தது. அந்தப் பளபளப்பையும் விடாமல் படத்தில் கொண்டுவந்தேன். ஒரு தேர்ந்த கலைஞன் ஒளியை எங்கே விடுவான் என்பதற்கு அந்த வயிறு ஓர் உதாரணம். இதை இன்றும் சொல்வேன்.

சாயங்காலம் ஜெயலக்ஷ்மி குடையை உதறிக்கொண்டு வந்தாள். படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அண்ணா, என்ன அழகா வந்திருக்கு! அந்த ரோமம் மட்டும் இன்னும் போடலையோ?"

"எந்த ரோமம்?"

"இங்க, ரெண்டு ஓரத்துலயும். பாய் விரிச்சாப்பல இருக்குமே."

"அதுவா? அது பூஞ்சல்லா" என்றேன், பெருமையாக. "கவலப்படாதீங்க. எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டேன்."

அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"எடுத்துட்டேளா?"

"ஆமா. கொஞ்சம் பிடிவாதமாத்தான் இருந்துச்சு."

"அண்ணா..." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அதனாலதானே இது புதுசு? மத்ததெல்லாம் இதோட சொந்தக்காரா எல்லாருக்கும் இருக்கு. இந்த முடி ஒண்ணுதான் இவளுக்குன்னு இருந்துது. நாலு பக்கம் அதைப் பத்தி மட்டும் எழுதிவச்சிருக்கேன்."

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பான். நான் பயந்தவன், பயந்தவனுக்கு யோசனைகள் வேகமாக வரும்.

"ஒட்ட வச்சிரலாமா? எம் பிரஷ்ல இருக்கது அணில் முடிதான். கலரு ஏறக்குறைய..."

"வெளில போங்கோ!" என்று அவள் கத்தினாள். "இந்த ரூமை விட்டு வெளில போங்கோ! உங்க கத்தியையும் எடுத்துண்டு போங்கோ!"

சத்தம் கேட்டுப் பேராசிரியர் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைத் திட்டத் தொடங்கினார். மண்டன் என்றார், கழுதை என்றார், தொடும்முன் ஏன் கேட்கவில்லை என்றார், பேசாமல் வாங்கிக்கொண்டேன். பிறகு ஜெயலக்ஷ்மியின் பக்கம் திரும்பி, என்னவோ நான் அங்கே இல்லாததுபோல, "வித்யாப்யாசம் இல்லாத்தவனெ விளிச்சால் இங்ஙனெ இரிக்கும்" என்றார். படிப்பில்லாதவனைக் கூப்பிட்டால் இப்படித்தான் இருக்குமாம். கூப்பிட்டதே அவர். என் காதுக்குள் என்னவோ அறுந்தது.

"வேய், நிறுத்தும்!" என்றேன்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த மாணவர்கள் நின்றுவிட்டார்கள்.

"படிப்புக்கும் இதுக்கும் என்னவேய் சம்பந்தம்? சிறகு ஒடிஞ்சிருக்கான்னு கேட்டேன், பல்லக் கடிச்சீரு. மீசையக் கேட்டேன், மொறச்சீரு. பொறவு சோத்யமே வேண்டாம்னீரு. இப்ப வந்து ஏன் கேக்கலைன்னா? ஒம்ம மாமியாருக்கு இல்லாத பாதி மூஞ்சிய நான் வரஞ்சப்ப கொள்ளாம், நல்லாருக்குன்னு சொன்னீருல்லா? இல்லாதத வச்சா கும்பிடுகீரு, இருக்கத எடுத்தா திட்டுகீரு. எத எடுக்கப்பிடாதுன்னு ஒத்த வார்த்த சொன்னா ஒம்ம நாக்கு தேஞ்சா போவும்?"

"நீ ஆரோடாணு சம்சாரிக்குந்நது?" என்றார் பேராசிரியர். யாரிடம் பேசுகிறாய் தெரியுமா என்று.

"மாமியாரோட மூக்குத்தியும் நான் போட்டதுதான் வேய்!" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

(மூக்குத்தியை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கோபத்தில் கையில் கிடைத்ததை எறிவோமே, அப்படி.)

கேட்வரை வீராவேசமாக நடந்தேன். கேட்டில் ஒரு சந்தேகம். நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேனா? சூடாகி வண்டு கருகிவிட்டால்? திரும்பி நடந்தேன். அதே மாணவர்கள் அங்கேயே நின்றார்கள். கதவைத் திறந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போய், விளக்கை அணைத்துவிட்டு, மறுபடியும் கோபமாக வெளியே வந்தேன். இந்த முறை கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா? கரண்டு பில்லுக் கட்டப் போனா கவுன்டர்ல கும்புட்டுட்டு வருக ஆளு. நீங்களா புரொபசரத் திட்டினிய?"

"ஆமா."

"பூச்சிக்கு மொட்ட போட்டது செரியில்ல. திட்டினது செரி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடியும் அரிசியில் கையை விட்டாள்.

மறுநாள் காலையில் ஜெயலக்ஷ்மி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது, குரலில் மட்டும் கோபம் குறையவில்லை.

"ஒண்ணு கெடச்ச எடத்துல இன்னொண்ணு இருக்கும். இந்த மாசக் கடைசிக்குள்ள படம் போயாகணும். நீங்க என்னோட காட்டுக்கு வரேள்."

"அட்ட கடிக்குமா?" என்று கேட்டேன்.

"கடிக்கும்."

பதில் வந்தது! அந்த ஒரு காரணத்துக்காகவே போகச் சம்மதித்தேன்.

இலையைச் சலிப்பதற்கு நேரமில்லையாம். அழுகிய மீன் வேண்டுமாம். மீன் நாற்றத்துக்கு ஈ வரும், ஈப்புழுவைத் தின்ன இந்த வண்டு வரும், குழியில் விழும். திட்டம் சரி. ஆனால் மீனை எங்கே அழுக வைப்பது?

"எங்காத்துல மீன்னு வாயால சொன்னாலே குளிக்கணும்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "எங்க தெரு வழியா மீனோட போனேன்னு தெரிஞ்சுதுன்னா அப்பா கரமனையாத்துல குதிச்சுடுவா."

"எங்க வீட்ல அழுவ விட்டா நான் குதிப்பேன்" என்றாள் ஸ்டெல்லா.

கடைசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் அழுகியது. நல்ல கொழுத்த சாளை, ஒரு வாளி நிறைய. ஸ்டெல்லா அதைப் பார்க்கும்போதெல்லாம், "புளி போட்டு வச்சிருந்தா நாலு நேரத்துக்கு வந்திருக்கும்" என்று கண்கலங்கினாள். அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் யாரோ இறந்துபோய் நாங்கள் மறைக்கிறோம் என்று பேசிக்கொண்டார்கள். வாளியின் மூடியைக் கயிறால் கட்டி, பாலித்தீனால் சுற்றி, மூவருமாக வித்துரா பஸ்ஸில் ஏறினோம். தனியாக என்னை நம்பி விட ஸ்டெல்லாவுக்கு மனமில்லை.

நெடுமங்காடு தாண்டும்முன்பே கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஆருடெயாணு ஈ மீனு?"

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தேன். அவள் மூன்று சீட் முன்னால், நெற்றியில் சந்தனக்கீற்றும் தலையில் பிச்சிப்பூவுமாக, கோயிலுக்குப் போகிறவள்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் மீன் என்றொரு பிராணி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"விஞ்ஞானத்துக்குக் கொண்டு போறோம்" என்றேன்.

"விஞ்ஞானம் நடந்நு போயால் மதி" என்று கண்டக்டர் விசிலடித்தார். விஞ்ஞானம் நடந்து போனால் போதுமாம். விஞ்ஞானத்தை நடுரோட்டில் மழையில் இறக்கிவிட்டார்கள். நானும் ஸ்டெல்லாவும் வாளியுமாக ஒரு ரப்பர் லாரியைக் கெஞ்சி வித்துரா போய்ச் சேர்ந்தபோது, ஜெயலக்ஷ்மி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள். "ஸாரி அண்ணா" என்றாள். "அன்னிக்கு நீங்க பண்ணினதுக்கு இது சரியாப் போச்சுன்னு வெச்சுக்கோங்கோ." சரியாகவில்லை. சரியாகும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

காட்டில் அவள் முன்பு வண்டு பிடித்த இடத்திலேயே மண்ணைத் தோண்டி, பிளாஸ்டிக் தம்ளர்களை விளிம்புவரை புதைத்து, மேலே மீனைத் தொங்கவிட்டோம். அட்டை கடித்தது. அவள் சொன்னபடியே கடித்தது. அதில் எனக்குப் புகார் இல்லை. என் புகாரெல்லாம், இந்நேரம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி. ஒவ்வொரு அட்டையைப் பிய்க்கும்போதும் அவர் பெயரைச் சொல்லிப் பிய்த்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மீனை மரநாயோ எதுவோ தின்றுவிட்டுத் தம்ளர்களைக் கவிழ்த்திருந்தது. ஜெயலக்ஷ்மி ஒரு பாறையில் போய்த் திரும்பி உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. ஸ்டெல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பிள்ள, அழாத. இன்னொரு வாளி அழுவப் போடுவோம். இந்த மனுசன் இருக்கது வர அழுகதுக்கா பஞ்சம்?" என்றாள். அந்தப் பெண் அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

இன்னொரு வாளி அழுகியது. இந்த முறை தம்ளர்களைச் சுற்றிக் கல்லை அடுக்கினோம். மறுபடி போனபோது மாதம் முடியச் சில நாட்களே பாக்கி. ஜெயலக்ஷ்மி ஒவ்வொரு தம்ளராக வெள்ளைத் துணியில் கொட்டினாள். எறும்பு. புழு. ஒரு மரவட்டை. ஆறாவதோ ஏழாவதோ தம்ளரில், வாலைத் தூக்கிக்கொண்டு கோபமாக ஒன்று ஓடியது. பின்னாலேயே இன்னொன்று. அவள் லென்ஸை வைத்துக் குனிந்தாள். நானும் குனிந்தேன்.

"அண்ணா! கையைப் பின்னால கட்டிக்கோங்கோ!"

"நான் சும்மா பாக்கேன்."

"ஸ்டெல்லாக்கா, அவரைப் பிடிச்சுக்கோங்கோ!"

என் மனைவி என் இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டாள், போலீஸ்காரி திருடனைப் பிடிப்பதுபோல. அப்படியே நின்றுதான் கேட்டேன்:

"முடி இருக்கா?"

அவள் முதலில் ஒன்றை, அப்புறம் மற்றதை லென்ஸில் பார்த்தாள். பிறகு அவள் நிமிர்ந்தாள். "இருக்கு" என்றாள். "ரெண்டுத்துக்கும் இருக்கு." நெற்றிச் சந்தனம் வியர்வையில் வழிந்து மூக்குவரை வந்திருந்தது. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், அட்டைகளின்மேல்.

வேறே ஆளைக் கூப்பிடலாம் என்று பேராசிரியர் சொன்னாராம். முடியாது என்று ஜெயலக்ஷ்மி சொல்லிவிட்டாளாம். சிறகுவரை என் பழைய படமே போதும்; வயிற்றை மட்டும் மறுபடி வரைந்தேன். அவள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஸ்பிரிட் பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள், சில சமயம் பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த ரோமத்தை ஒவ்வொன்றாக இழுத்தேன். உள்ளே கோபம் கொதித்ததோ என்னவோ, படத்தில் ஒவ்வொரு முடியும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். இப்படி உயிரோட்டமாக எப்படி வந்தது என்று வெளிநாட்டில் யாரோ கேட்டு எழுதினார்களாம்.

அச்சில் வந்த பிரதியை ஜெயலக்ஷ்மி கொண்டுவந்து காட்டினாள். பேராசிரியருக்கு அவருடைய மேலான வழிகாட்டுதலுக்காக நன்றி. காட்டிலாகாவுக்கு நன்றி. ஜீப் டிரைவருக்குக்கூட நன்றி. படம் வரைந்தவன் பெயர் எங்கும் இல்லை.

"நான் எழுதினேன், சார் அடிச்சுட்டார்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா நீங்க இதுல இருக்கேள்."

"எங்க?"

ஒரு வரியைக் காட்டி, தமிழில் சொன்னாள்: முதலில் கிடைத்த வண்டில் ரோமம் இல்லை, வரைபவர் சுத்தம் செய்தபோது அது நீங்கிவிட்டது.

"இத மட்டும் எதுக்குப் போட்டிய?"

"போட்டே ஆகணும் அண்ணா. அந்த மொட்டை வண்டும் பெட்டியில பத்திரமா இருக்கும். எழுதி வைக்கலைன்னா, நூறு வருஷம் கழிச்சு எவனாவது அதைப் பாத்துட்டு, இது வேற இனம்னு சொல்லி அதுக்குப் புதுசா பேர் வச்சுடுவான்."

அதில் நியாயம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலகத்தில் எந்த மூலையில் எவன் அந்த வண்டைப் படித்தாலும், வரைபவர் வழித்துவிட்டார் என்று படிப்பான். வரைபவர் கதவுவரை போய்க் கையைத் தூக்கினார், கேள்வி கேட்கக் கூடாதென்று சொல்லியிருந்ததால் இறக்கிவிட்டார் என்று எவனும் படிக்க மாட்டான். அந்த வரியை யார் அச்சடிப்பது? அதனால்தான் நானே எழுதுகிறேன்.

ஜெயலக்ஷ்மிக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. இப்போது வடக்கே ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். பாம்பே வரன் வேறு யாரையோ கட்டிக்கொண்டு நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். எனக்குத்தான் விடுதலை இல்லை. வீட்டில் நான் ஒரு துணியைக் கையில் எடுத்தால் போதும், "அது அழுக்குதானா, நல்லாப் பாத்தியளா?" என்று ஸ்டெல்லா கேட்பாள். எங்கள் மகளை மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது அவருடைய அரும்பு மீசையைப் பார்த்துவிட்டு, "தம்பி, மாமா பக்கத்துல ஒறங்கிராதிய" என்று சபை நடுவில் சொன்னவள் அவள்.

சென்ற மாதம் என் மகளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. நர்ஸ் பொதிந்து கொண்டுவந்தாள். துணி விலகி முதுகு தெரிந்தது. தோளெல்லாம் மெல்லிய வெளுத்த ரோமம். நான் குனிந்தேன். அவ்வளவுதான், ஸ்டெல்லா பாய்ந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள்.

"அவருட்ட குடுக்காத பிள்ள! வழிச்சுப் போடுவாரு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் நின்ற நிலையில் வண்டு, மீன், பஸ், மூக்குத்தி என்று முழுக்கதையையும் பிரசவித்த பெண்களுக்குச் சொல்லி முடித்தாள். தையல் போட்டிருந்தவர்கள் சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நேராக அந்த நர்ஸிடம் போனேன்.

"சிஸ்டர், ஒரே ஒரு சோத்யம். இந்த முடி இருக்க வேண்டியதா, போக வேண்டியதா?"

சின்னப் பெண். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. சிரிக்கவில்லை, முறைக்கவில்லை.

"கொறச்சு நாள்ல தானே போயிடும் அங்கிள். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள்.

இவ்வளவுதான். இதைச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, நாக்குத் தேயவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எத்தன நாள்ல போவும் சிஸ்டர்?" என்று கேட்டேன். "ரெண்டு தோள்ளயும் ஒண்ணாப் போவுமா, ஒரு பக்கம் முந்தியா? போகலேன்னா யார்ட்ட வந்து கேக்கணும்? எண்ண தேச்சா..."

"பிள்ள, நீ ஓடிரு" என்றாள் ஸ்டெல்லா நர்ஸைப் பார்த்து. "ஒண்ணுக்குப் பதில் சொல்லிட்டேல்லா? இனி ஒனக்கு டூட்டி முடியாது."

அந்தப் பெண் ஓடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "கேளுங்க அங்கிள்" என்றாள்.